ஆர்வியில் ஒரு ஆன்டெனா, மூன்று டிவி: கேட்டதும் சொன்னதும்

ஆர்வி வண்டியில், அதாவது படுக்கை, சமையல் என்று வீடே உள்ளே இருக்கிற வண்டியில், டிவி இணைப்பதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் கொட்டிவிட்டன. என் தகுதி இவ்வளவுதான்: அமெரிக்காவில் எட்டு வருடமாக 34 அடி கிளாஸ் ஏ வண்டி (பஸ் மாதிரி இருக்கிற பெரிய வகை) ஒன்றில் ஊர் சுற்றுகிறோம், 2005 மாடல், செகண்ட் ஹேண்ட். அதன் டிவி ஒயரிங்கை மூன்று முறை பிரித்து மாட்டியிருக்கிறேன், அதில் இரண்டு முறை தப்பாக. எலெக்ட்ரீஷியன் இல்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

டாலஸிலிருந்து: பழைய கிளாஸ் ஏ வாங்கியிருக்கிறோம் அண்ணா. டிரைவர் சீட்டுக்கு மேலே ஒரு டிவி, பெட்ரூமில் ஒன்று, வெளியே பக்கவாட்டுப் பெட்டிக்குள் ஒன்று. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் எதையும் வாங்காதீர்கள் தம்பி. வீட்டில் எல்லோரிடமும் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: எல்லா டிவியிலும் ஒரே படம் ஓடினால் போதுமா, இல்லை ஆளுக்கொன்று வேண்டுமா? இதற்குப் பதில் தெரியாமல் கடைக்குப் போனவர்கள்தான் தப்பான பெட்டியோடு திரும்பி வருகிறார்கள், நானும் போய் வந்தவன்தான். ஆன்டெனா ஒயரில் அந்த ஊர் சேனல் எல்லாம் ஒன்றாக வருகிறது, ஒவ்வொரு டிவிக்குள்ளும் சேனலைப் பிடிக்கிற டியூனர் தனித்தனியாக இருக்கிறது, அதனால் அந்த ஒயரை மூன்றாகப் பிரித்தாலும் ஆளுக்கொரு சேனல் பார்க்கலாம். ஃபயர் ஸ்டிக் (டிவியில் செருகி இன்டர்நெட்டில் படம் பார்க்கிற குச்சி), ப்ளூரே, சாட்டிலைட் பெட்டி இதெல்லாம் வேறு ஜாதி. அதிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு படம்தான் வெளியே வரும், எத்தனையாகப் பிரித்தாலும் அதே படம்தான் எல்லா டிவியிலும்.

அட்லாண்டா பக்கத்திலிருந்து: கூரை ஆன்டெனாவைத் தூக்கி ஸ்கேன் போட்டால் முன் டிவியில் 3 சேனல், பெட்ரூமில் ஒன்றுமே இல்லை. பக்கத்து வண்டிக்காரருக்கு 28 வருகிறது.

முன் பக்கத்து அலமாரிக்குள், இல்லை டிவிக்குப் பின்னால் சுவரில், ஒரு சின்ன தட்டில் ஒரு பட்டனும் பக்கத்தில் ஒரு குட்டி விளக்கும் இருக்கும், தேடுங்கள். அதை அமுக்கினால்தான் 12 வோல்ட் கரண்ட் அதே கோஆக்ஸ் ஒயர் (உருண்டையான ஆன்டெனா ஒயர்) வழியாகக் கூரைக்கு ஏறி ஆன்டெனாவுக்குள் இருக்கிற ஆம்ப்ளிஃபயரை எழுப்பும். அணைத்து வைத்தால் ஆன்டெனா தூங்கிவிடும், அதற்குப் பதில் கேம்ப்கிரவுண்டில், அதாவது வண்டியை நிறுத்தித் தங்குகிற இடத்தில், கொடுக்கிற கேபிள் வருகிற வழி திறக்கும். இதைத் தெரியாமல் டிவியையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும். விளக்கு எரிந்தும் பெட்ரூமில் வரவில்லை என்றால் தட்டைக் கழற்றிப் பின்னால் பாருங்கள், பெரும்பாலும் இரண்டாவது டிவிக்கான ஒயர் அங்கேதான் மாட்டியிருக்கும், வண்டி குலுங்கிக் குலுங்கி அது லூசாகியிருக்கும். அப்புறம் ஊர் மாறினால் மறுபடி ஸ்கேன் போட வேண்டும், முன்னால் ஒரு முறை, பெட்ரூமில் ஒரு முறை. ஒரு டிவி கண்டுபிடித்ததை இன்னொன்றுக்குச் சொல்லாது.

அதே ஆள், மறுநாள்: விளக்கு எரிகிறது, முன்னால் 26 சேனல். வெளி டிவிக்காக நாலு வழி ஸ்பிளிட்டர் வாங்கி கூரை ஒயரிலேயே மாட்டினேன், இப்போது எல்லாம் போய்விட்டது!

போகத்தான் செய்யும். கூரைக்கு ஏற வேண்டிய 12 வோல்ட்டை நடுவில் மறித்துவிட்டீர்கள். ஸ்பிளிட்டர் எப்போதும் அந்தப் பட்டன் தட்டுக்கு இந்தப் பக்கம், டிவி பக்கம்தான் வர வேண்டும். அதோடு, மூன்று டிவிக்கு நாலு வழி எதற்கு? இரண்டாகப் பிரித்தால் சுமார் 3.5 டெசிபல் போகும், நாலாகப் பிரித்தால் 7, எட்டாகப் பிரித்தால் 11 பக்கம். 3 டெசிபல் என்றால் பாதி சிக்னல், 7 போனால் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். அந்தக் காலத்து அனலாக் டிவியில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். இங்கே பெரிய நிலையங்கள் எல்லாம் 2009 ஜூன் 12-க்குள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன, டிஜிட்டலில் அந்தக் கருணை கிடையாது, கொஞ்ச நேரம் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் கறுப்புதான். உங்கள் தட்டிலேயே இரண்டாவது டிவிக்கு வழி இருக்கிறது என்பதால் முன் டிவி ஒயரில் ஒரு இரண்டு வழி ஸ்பிளிட்டர் போட்டு, வெளி டிவியை அதில் இழுத்துவிடுங்கள். நாலு வழியைத்தான் வைத்துக்கொள்வேன் என்றால் காலியாக இருக்கிற வாயில் 75 ஓம் மூடி ஒன்று திருகிவிடுங்கள், விலை ரொம்பக் குறைவு.

ஹூஸ்டனிலிருந்து: 2001 வண்டி. அலமாரியில் வரிசையாகப் பட்டன் வைத்த ஒரு பெட்டி, பின்னால் பாம்புப் புற்று மாதிரி ஒயர். அதைத் தூக்கிப் போடலாமா சார்?

பெட்டியைத் தூக்கிப் போடலாம், ஒயரை வெட்டாதீர்கள். விசிஆர், சாட்டிலைட், ஆன்டெனா, கேபிள் எல்லாவற்றையும் வாங்கி, எந்த டிவிக்கு எது என்று பட்டனால் திருப்பிவிடுகிற பெட்டி அது. விசிஆர் படத்தை 3 அல்லது 4-ஆம் நம்பர் சேனலாக மாற்றி அனுப்பிய காலத்துக்குச் சரி, எச்டி படத்துக்கு அதில் வேலையே இல்லை.

ஒயருக்கு மட்டும் பொறுமை வேண்டும். என் வண்டியில் அந்தப் புற்றுக்குள் 14 முனை இருந்தது, ஒன்றிலும் பெயர் இல்லை. எது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க நான் செய்தது இதுதான்: எல்லா முனையையும் இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, பெட்ரூம் முனையில் ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரியை நடுக் கம்பியிலும் வெளி உலோகத்திலும் படும்படி டேப்பால் ஒட்டினேன். முன்னால் வந்து மல்டிமீட்டரை ஒவ்வொரு முனையாக வைத்துக்கொண்டே போனால், எதில் 9 வோல்ட் காட்டுகிறதோ அதுதான் பெட்ரூம். பெயிண்டர் டேப்பில் பேனாவால் எழுதி ஒட்டிவிட்டு அடுத்தது. ஒரு மத்தியானம் முழுக்கப் போனது, பையன் பேட்டரி பிடிக்க வந்து பாதியில் ஓடிவிட்டான். ஆனால் அன்றைக்கு எழுதிய டேப்தான் இன்று வரை சோறு போடுகிறது. கூரை ஆன்டெனா ஒயரில் மட்டும் பேட்டரி வைக்க வேண்டாம்.

முனைகளைக் கையில் எடுக்கும்போதே திருகிப் பாருங்கள். நடுவில் செம்புக் கம்பி வாய்க்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நேராக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், வளைந்தோ பச்சை பூத்தோ இருந்தால் முனையை வெட்டிப் புதிதாகப் போடுங்கள். வெளி வலையில் ஒரு இழை, தலைமுடி மாதிரி ஒன்று, நடுக் கம்பியைத் தொட்டாலும் போதும், சிக்னல் செத்தது. அழுத்திப் போடுகிற கம்ப்ரெஷன் வகைதான் குலுங்குகிற வண்டிக்குத் தாங்கும்.

சான் ஹோசேயிலிருந்து: ஃபயர் ஸ்டிக் ஒன்று, டிவி இரண்டு. எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் போட்டேன். முன் டிவி 4கே, பெட்ரூம் டிவி பழைய 720. இப்போது முன்னால் படமும் மங்கல். பெட்ரூமில் சில படத்துக்குச் சத்தமே வரவில்லை.

உங்கள் ஸ்பிளிட்டர் நேர்மையாகத்தான் வேலை செய்கிறது. நான் எவ்வளவு காட்டுவேன் என்று ஒவ்வொரு டிவியும் ஸ்டிக்கிடம் சொல்லும், இரண்டு டிவி இருந்தால் இரண்டுக்கும் பொதுவாகச் சரிப்படுகிற அளவுக்கு ஸ்பிளிட்டர் இறங்கிவிடும். பந்தியில் காரம் ஆகாதவர் ஒருவர் இருந்தால் எல்லோருக்கும் சப்பென்ற குழம்புதான், அந்தக் கதை. ஒவ்வொரு வாய்க்கும் தனியாக அளவைக் குறைத்துக் கொடுக்கிற ஸ்பிளிட்டர் இருக்கிறது, அதை வாங்கலாம், ஆனால் பழைய டிவியை மாற்றுவது அதைவிட நல்ல செலவு என்பது என் கருத்து. சத்தத்துக்கு ஸ்டிக் செட்டிங்கில் சரவுண்டை அணைத்து ஸ்டீரியோ அல்லது பிசிஎம் என்று வையுங்கள், சின்ன டிவிக்கு 5.1 சரவுண்ட் புரியாது. அந்த டிவியில் படம் கறுப்பாகி எச்டிசிபி என்று ஏதாவது எழுத்து வந்தால் அது திருட்டுப் பதிவைத் தடுக்கிற பூட்டு. 4கே படத்துக்கு 2.2 பதிப்பு கேட்கும், பழைய டிவிக்கோ பழைய ஸ்பிளிட்டருக்கோ அந்தச் சாவி இருக்காது.

இன்னொன்று, ஸ்பிளிட்டர், ஸ்விட்ச், மேட்ரிக்ஸ் இதற்கெல்லாம் என்ன வித்தியாசம் என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள்: ஒரு பெட்டியிலிருந்து பல டிவிக்கு என்றால் ஸ்பிளிட்டர், பல பெட்டியிலிருந்து ஒரு டிவிக்கு என்றால் ஸ்விட்ச், எந்தப் பெட்டியையும் எந்த டிவிக்கும் என்றால் மேட்ரிக்ஸ். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு டப்பாதான், அட்டையில் எத்தனை உள்ளே எத்தனை வெளியே என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

சியாட்டிலிலிருந்து: முன்னாலிருந்து பெட்ரூமுக்கு எச்டிஎம்ஐ ஒயர் இழுக்க 40 அடி ஆகிறது, வருமா?

40 அடி என்றால் 12 மீட்டர். 1080 அளவுக்கு நல்ல தடிமனான ஒயரில் வந்துவிடும், 4கேக்குச் சாதாரண செம்பு ஒயரை 5, 6 மீட்டருக்கு மேல் நான் நம்ப மாட்டேன். ஆப்டிகல் எச்டிஎம்ஐ ஒயர் மெல்லியதாக, சுலபமாக வளையும், ஆனால் அதற்குத் திசை உண்டு, ஒரு முனை பெட்டிக்கு, ஒரு முனை டிவிக்கு. கூரைப் பலகைக்குள் முழுக்க இழுத்து மூடிய பிறகுதான் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன் என்று தெரிந்தது, அன்றைக்கு வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. கேட்6 என்கிற நெட்வொர்க் ஒயரும் இரண்டு பக்கமும் எக்ஸ்டெண்டர் டப்பாவும் போடலாம், ஒயர் மலிவு, முனையை நாமே போட்டுக்கொள்ளலாம், ஆனால் டப்பாவுக்குக் கரண்ட் வேண்டும். எதை இழுத்தாலும் ஸ்லைடு அவுட் (வண்டியை நிறுத்தியதும் வெளியே நீளுகிற அறைப் பகுதி) போய் வருகிற தடத்தில் இழுக்காதீர்கள், ஒரே முறையில் நசுக்கிவிடும்.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு அக்கா: மாமியாருக்குத் தமிழ் சீரியல், பிள்ளைகளுக்குக் கார்ட்டூன், எங்களுக்கு லோக்கல் செய்தி. சண்டை வராமல் ஒரு வழி சொல்லு தம்பி.

அக்கா, செய்திக்கு ஆன்டெனாவே போதும், காசு கிடையாது. சீரியலுக்கும் கார்ட்டூனுக்கும் தனித்தனி ஸ்டிக் போட்டுவிடுங்கள், ஸ்பிளிட்டரே வேண்டாம். செலவு டேட்டாவில்தான் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் சொல்கிற கணக்கில் எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை தின்னும், 4கே என்றால் 7. சின்னத் திரைக்கு எச்டியே அதிகம், செட்டிங்கில் குறைத்து வையுங்கள். தேசியப் பூங்காக்களுக்குள் பல இடத்தில் போன் டவரே எடுக்காது, அதனால் கார்ட்டூனைக் கிளம்புவதற்கு முன்பே டேப்லட்டில் இறக்கி வைத்துவிடுங்கள். ஆன்டெனா சேனல்களையே வண்டியின் ரவுட்டர் வழியாக வைஃபையில் பரப்புகிற எச்டிஹோம்ரன் மாதிரி டப்பாவும் உண்டு, கோஆக்ஸ் ஒயர் போகாத மூலையில் இருக்கிற டிவிக்கு அது நல்ல வழி.

ஒரே நிகழ்ச்சியை முன்னாலும் பின்னாலும் வைத்தால் இன்னொரு தொல்லை வரும். ஒன்று ஆன்டெனாவிலும் ஒன்று ஸ்டிக்கிலும் ஓடினால் ஸ்டிக் அரை நிமிடம்கூடப் பின்தங்கும், 34 அடி வண்டிக்குள் முன்னால் கோல் விழுந்து கத்திய பிறகுதான் பெட்ரூமில் பந்தையே உதைப்பார்கள்.

டென்வரிலிருந்து: சாட்டிலைட் டிஷ் வாங்கினால் அந்த ஒயரை ஆன்டெனா ஸ்பிளிட்டரில் கொடுத்து எல்லா டிவிக்கும் அனுப்பலாமா?

கூடாது. டிஷ்ஷிலிருந்து வருவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ், உங்கள் ஸ்பிளிட்டர் 1000 வரைதான். அதோடு ரிசீவர் பெட்டி அதே ஒயரில் 13, 18 வோல்ட் என்று மாற்றி மாற்றி அனுப்பித்தான் டிஷ்ஷிடம் பேசுகிறது. டிஷ்ஷிலிருந்து ரிசீவருக்கு நேர் ஒயர், ரிசீவருக்குப் பிறகு எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர், அவ்வளவுதான். டிஷ் தெற்கு வானத்தைப் பார்க்க வேண்டும், அங்கே மரம் மறைத்தால் அதுவும் கிடையாது.

ஃபீனிக்ஸிலிருந்து: ராத்திரி லைட் போட்டால் இரண்டு சேனல் காணாமல் போகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

பேய் இல்லை, மலிவான எல்இடி பல்பு. 12 வோல்ட் எல்இடிக்குள் இருக்கிற சின்ன சர்க்யூட் ரேடியோ இரைச்சலைக் கக்கும், காரில் செருகுகிற யுஎஸ்பி சார்ஜரும் அப்படித்தான். 2 முதல் 13 வரையுள்ள விஎச்எஃப் சேனல்தான் முதலில் அடிபடும். ஒவ்வொரு பல்பாகக் கழற்றிப் பாருங்கள், எங்கள் வண்டியில் குற்றவாளி அடுப்புக்கு மேலே இருந்த ஒரே ஒரு பல்பு.

சிகாகோவிலிருந்து: கரண்ட் இல்லாத இடத்தில் இரண்டு டிவியும் எவ்வளவு நேரம் ஓடும்?

32 அங்குல டிவி ஒன்று 40 வாட் என்று வையுங்கள், இரண்டு சேர்ந்து 80, இன்வெர்ட்டர் தான் தின்பதையும் சேர்த்து 100. 100 ஆம்ப் அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், அது சுமார் 600 வாட் அவர். கணக்குக்கு ஆறு மணி நேரம், ஆனால் குளிரில் ஹீட்டர் ஃபேன் ஓடினால் டிவியைவிட அதுதான் அதிகம் இழுக்கும். 12 வோல்ட் டிவி வாங்கினால் இன்வெர்ட்டரே வேண்டாம், ஆனால் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை ஏறும். வீட்டுக்கு வாங்கின டிவியின் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதே என்று நேராக இணைத்துவிடாதீர்கள், நடுவில் வோல்டேஜ் ரெகுலேட்டர் ஒன்று வேண்டும்.

கடைசிக் கேள்வி, டாம்பாவிலிருந்து: ஆன்டெனாவைத் தூக்கியபடியே வண்டியை எடுத்துவிட்டேன், மரக்கிளை பிடுங்கிவிட்டது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

எனக்கு இரண்டு முறை. இப்போது ஆன்டெனாவைத் தூக்கியதும் வண்டிச் சாவியை ஒரு கயிற்றில் கட்டி, கூரையிலிருந்து தொங்குகிற அந்தச் சுழற்றும் கைப்பிடியிலேயே மாட்டிவிடுகிறேன்.