பட்டம் இருந்தால் வழக்கு நிற்காதா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. முதல் வகை சர்க்கரை நோய், தினமும் இன்சுலின். 'சர்க்கரை நோயிலிருந்து நிரந்தர விடுதலை' என்ற நோட்டீஸைப் பார்த்து ஒரு ஹோமியோபதி மருத்துவரிடம் போனோம். இன்சுலினை நிறுத்தச் சொல்லி உருண்டை மாத்திரை கொடுத்தார். சில நாளில் பையன் மூச்சு வாங்கி மயங்கிவிட்டான். ஐசியூவில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். 'அவர் பி.எச்.எம்.எஸ். படித்து முறையாகப் பதிவு செய்தவர், கேஸ் நிற்காது' என்கிறார்கள். உண்மையா?

பதில்: பையன் பிழைத்தது பெரிய ஆறுதல். அவனுடைய சர்க்கரை நோய் மருத்துவரைக் கேட்காமல் இன்சுலினில் இனி யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

உங்களிடம் சொன்னது தவறு. பட்டமும் பதிவும் மருத்துவம் பார்க்கும் உரிமையைத் தருகின்றன. பார்த்த வைத்தியம் சரியானது என்பதற்கு அவை அத்தாட்சி ஆகா. அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒருவர் காட்டும் கவனத்தை இவர் காட்டினாரா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் ஏற்ற அளவுகோல் இது. இங்கே பட்டம் அவருக்கே எதிராகப் போகும். ஐந்தரை ஆண்டுப் படிப்பில் உடலியங்கியலும் நோயியலும் உண்டு. முதல் வகை நோயாளியின் கணையம் இன்சுலினைச் சுரக்காது என்பது தனக்குத் தெரியாது என்று அவர் எப்படிச் சொல்வார்?

பூனம் வர்மா வழக்கில் (1996) ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்தார், நோயாளி இறந்தார். தான் படிக்காத முறையில் வைத்தியம் செய்ததே கவனக்குறைவு என்று சொல்லி, 3 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம். 'அவர் மருந்தைக் கொடுத்தார், நான் நிறுத்தத்தானே சொன்னேன்' என்று எதிர்த்தரப்பு வாதாடும். இன்சுலின் எழுதிக் கொடுக்க என்ன தகுதி வேண்டுமோ, நிறுத்தச் சொல்லவும் அதே தகுதி வேண்டும் என்பது என் வாதமாக இருக்கும்.

அந்த நோட்டீஸைப் பத்திரப்படுத்துங்கள். சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 6 மாதம் வரை சிறை உண்டு. தன் கிளினிக் வாசலில் 'இங்கு சிகிச்சை அளிக்கப்படும்' என்று பதிவு பெற்ற மருத்துவர் போர்டு வைக்கலாம். ஊரெல்லாம் நோட்டீஸ் விநியோகிக்க அந்த விலக்கு உதவாது.

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். மகன் மைனர் என்பதால் நீங்கள் காப்பாளராக மனு போடலாம். அவரிடம் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். மருந்துச் சீட்டு, மீதி மாத்திரை, வாட்ஸ்அப் செய்தி, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் வேண்டும். இன்சுலின் நின்றதால்தான் இந்த நிலை வந்தது என்று ஐசியூ மருத்துவரிடம் எழுத்தில் வாங்குவது இவற்றில் முக்கியம். ஹோமியோபதி கவுன்சிலிலும் புகார் கொடுங்கள். பதிவு குறித்து நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு, பணம் வாங்கித் தராது.

போலீஸ் புகாரை முதலில் வைக்காதீர்கள். குற்ற வழக்கில் மிகக் கடுமையான கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், அது வருடக்கணக்கில் இழுக்கும். பையனின் சிகிச்சைச் செலவு அதுவரை காத்திருக்காது.