நேர்த்தி வச்சது நீங்க, குருமடத்துல இருக்கிறது மகன்

கேள்வி: என்ட மகனுக்கு 24 வயசு, குருமடத்துல படிக்கிறான். லீவுக்கு வந்த நேரம், நான் மீன் ஆஞ்சுகொண்டு இருக்கக்குள்ள பக்கத்துல குந்தி, அம்மா எனக்கு ஆம்புளையள்லதான் மனசு போகுது எண்டு சொல்லி அழுதான். யாரோடயும் பழக்கம் இல்லையாம். மூண்டு வயசுல சுனாமியில தப்பினவன், ஆயித்தியமலை மாதாவுக்கு இவனக் குருவாக்கித் தாறன் எண்டு அப்பவே நேர்த்தி வச்சிட்டன். அங்கிக்கு வெள்ளைத் துணியும் வாங்கி அலுமாரியில வச்சிருக்கன். நேர்த்தி என்னாகிற மனே எண்டு கேட்டன், எழும்பிப் போயிட்டான். குருமடத்துக்குப் பொறுப்பான ரெக்டர் சுவாமிட்ட சொல்லவா, மறைச்சுக் குருப்பட்டம் எடுக்க விடவா? இது மாறுமா?
— ஒரு தாய், மட்டக்களப்பு

பதில்: அம்மா, பேரு, கோயில், தெரு எல்லாம் எழுதியிருந்தீங்க, வெட்டிட்டன். இனிமே எங்கயும் அப்பிடி எழுதாதீங்க.

என்ட்ட மூண்டு கேள்வி கேட்டிருக்கீங்க, மகன்ட்ட கேட்டது ஒண்டுதான், அதுவும் அவனப் பத்தி இல்ல. இருபத்தி நாலு வயசுப் பொடியன் மீன் செதிலுக்குப் பக்கத்துல குந்தி அழுறான், நீங்க மாதாவோட உள்ள கணக்கப் பாக்கிறீங்க! எழும்பிப் போயிட்டான் எண்டு அரை வரியில எழுதிட்டுப் போயிட்டீங்க, எனக்கு கடிதம் முழுக்க அந்த அரை வரிதான் தெரியுது.

திருச்சபைச் சட்டம் 1193 என்ன சொல்லுது தெரியுமா? நேர்த்தி வச்ச ஆளத்தான் நேர்த்தி கட்டும். அவன் வைக்கல்ல, மூண்டு வயசுல அவனுக்குக் குருவெண்டா என்னெண்டே தெரியா. 1026 இன்னும் கண்டிப்பு, ஒருத்தரையும் வற்புறுத்திக் குருவாக்கப்படாது. பட்டத்துக்கு முதல், சுய விருப்பத்துல வாறன் எண்டு அவன் தன்ட கையால எழுதிக் குடுக்கணும். உங்கட துணி அலுமாரிக்குள்ள இருக்கக்குள்ள அவன் என்னத்த அம்மா எழுதுவான்?

பட்டத்துக் கதைக்கு வாறன். 2005ல வத்திக்கான் சொன்னது, ஆழமா வேரூன்றின ஓரினச்சேர்க்கை நாட்டம் உள்ளவங்களக் குருமடத்துல சேக்க ஏலா, பட்டமும் குடுக்க ஏலா எண்டு. பருவ வயசுத் தடுமாற்றம் எண்டா, குருப்பட்டத்துக்கு முதல் வாற தியாக்கோன் பட்டத்துக்கு மூண்டு வருசம் முந்தியே தெளிஞ்சிருக்கணும். 2016லயும் அதையேதான் சொன்னாங்க. "ஆழமா வேரூன்றின" எண்டா என்ன எண்டதுலதான் ஆயர்மாருக்குள்ளயே இழுபறி, நாட்டம் இருந்தாலே தகுதியில்ல எண்டு ஒரு சாரார், கற்போட நிதானமா வாழ ஏலுமா எண்டதத்தான் பாக்கணும் எண்டு மத்தாக்கள். 2025 ஜனவரியில இத்தாலி ஆயர்மார் விட்ட வழிகாட்டியும், விதிய அப்பிடியே வச்சிக்கொண்டு, ஆள முழுசாப் பாருங்க, இது ஒண்ட மட்டும் பாக்காதீங்க எண்டு சொல்லுது. என்னட்டக் கேட்டா, கலியாணம் கட்டாம இருக்கிறன் எண்ட வாக்கு எல்லாருக்கும் ஒண்டுதானே, அதக் காப்பாத்திறவன ஆசைய வச்சுத் தள்ளுறது எனக்குச் சரியாப் படல்ல. ஆனா மறைச்சுப் போறதும் சரியில்ல. அந்த 2005 அறிவுறுத்தலே அதப் பெரிய நேர்மைக்கேடு எண்டுதான் சொல்லுது, பொய்யில ஏறின பீடத்துல ஒருத்தனும் நிம்மதியா நிக்கமாட்டான்.

அதுக்காக நீங்க ரெக்டர்ட்ட ஓடாதீங்க. புள்ள தாயிட்டச் சொன்னதத் தூக்கிக்கொண்டு போய் மேலிடத்துல குடுக்கிறது கடமையில்லம்மா, கோள். அவன் குருமடத்துல தனக்கு வழிகாட்டுற ஆன்ம குருவோட கதைக்கட்டும், பட்டம் குடுக்கிறதா இல்லையா எண்டு முடிவெடுக்கக்குள்ள அவர்ட்டயும் பாவசங்கீர்த்தனம் கேக்கிற சுவாமிட்டயும் அபிப்பிராயம் கேக்கவே ஏலா, அதுவும் சட்டம்தான். பிறகு போறதோ நிக்கிறதோ அவன்ட பாடு. திரும்பி வந்தா ஊர் கதைக்கும், மடத்தால வந்தவன் எண்டு. கதைக்கட்டும். சோத்துக் கோப்பை போட வேண்டியது நீங்க, ஊர் இல்ல.

மாறுமா எண்டு கேட்டீங்க. இது வருத்தமில்ல, உலக சுகாதார நிறுவனம் 1990லயே நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்திட்டு. நூல் கட்ட, மந்திரிக்க எண்டு வெளிக்கிடாதீங்க.

நேர்த்தி மனச அரிச்சா பங்குச் சுவாமிட்டப் போங்க, நியாயமான காரணம் இருந்தா அதுல இருந்து உங்கள விடுவிக்க அவருக்கு அதிகாரம் இருக்கு. மகன்ட விசயம் ஒண்டும் அவர்ட்ட சொல்ல வேணாம், மகனுக்காக நான் வச்ச நேர்த்தி, அவன்ட தலையில ஏத்தினது பிழை எண்டு மட்டும் சொல்லுங்க. அடுத்த லீவுக்கு முதல் போயிட்டு வாங்க. வந்த கையோட அந்தத் துணியையும் கோயில்ல பீடத்துணி தைக்கிறவங்களுக்குக் குடுத்திருங்க, அவன் அலுமாரியத் திறக்கக்குள்ள அது அங்க கிடக்கப்படாது.