பிள்ளைத்துணியை யார் துவைப்பது?

போன இதழில் துணி டயப்பர் பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். புது வாசகர்களுக்காக: நான் திருப்பூர். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் வீட்டிலேயே ஓவர்லாக் மிஷின் போட்டுக் குழந்தைத் துணி தைத்துக் கொடுக்கிறேன். எங்கள் பையனும் பெண்ணும் துணி டயப்பரில்தான் வளர்ந்தார்கள்.

எனக்கு இது ஏழாம் மாதம், ஐப்பசியில் பிரசவம். ஆன்லைனில் 24 துணி டயப்பர் உள்ள செட் தள்ளுபடியில் கிடைக்கிறது. இப்போதே வாங்கி வைக்கலாமா அக்கா?
– வாசகி, திண்டுக்கல்

வேண்டாம் கண்ணு. அந்த செட்டின் அட்டையைப் பாருங்கள். 5 கிலோவிலிருந்து 17 கிலோ வரை என்று போட்டிருக்கும். நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகள் பிறக்கும்போது 3 கிலோவைத் தொட்டாலே சந்தோஷப்படுகிறோம். அந்தத் தொடைக்கு இந்த எலாஸ்டிக் எந்தப் பட்டனில் மாட்டினாலும் தொளதொளவென்று நிற்கும். முதல் இரண்டு மாதம் அவை பீரோவில்தான் கிடக்கும்.

பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 15, 20 தடவைகூட ஒன்னுக்குப் போகும், கொஞ்சம் கொஞ்சமாக. அதற்குப் பழைய வேட்டித் துணியும், கட்டிக்கொள்ளும் முக்கோண லங்கோடும், அடியில் ஒரு ரப்பர் ஷீட்டும் போதும். வீட்டில் பெரியவர்கள் பழைய வேட்டியை எடுத்துவைக்கச் சொன்னால், அவர்களுக்குத் துணி தெரியும் என்று அர்த்தம். துவைத்துத் துவைத்துக் கஞ்சியெல்லாம் போய் நூல் தளர்ந்த துணி தொட்டவுடன் ஈரத்தை இழுக்கும். புதுத் துணி இழுக்காது. பனியன் துணி சாயப்பட்டறையிலிருந்து வரும்போதே கைக்கு வழவழப்பாக இருக்கட்டும் என்று சாஃப்ட்னர் ஏற்றித்தான் அனுப்புவார்கள். அந்த வழவழப்பு போகும்வரை தண்ணீர் மேலேயே ஓடும். அதனால் டயப்பருக்குள் ஈரத்தை இழுக்க வைக்கும் பேடு எதை வாங்கினாலும், குழந்தைக்குப் போடும் முன் நாலைந்து தடவை துவைத்து வெயிலில் உலர்த்தி எடுங்கள்.

பிள்ளை 5 கிலோவை நெருங்கும்போது இரண்டு மூன்று டயப்பர் மட்டும் வாங்குங்கள், வேறு வேறு மாதிரியில். சில பிள்ளைக்குத் தொடை கொழுகொழுவென்று இருக்கும், சிலதுக்குக் கம்பி மாதிரி இருக்கும். எது பொருந்துகிறதோ அதில் மீதியை வாங்கலாம். தினமும் துவைப்பீர்கள் என்றால் பகலுக்கு ஏழெட்டுப் போதும், ஒன்று விட்ட ஒரு நாள் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. உங்களுக்கு லங்கோடு துவைப்பது ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், டயப்பர் துவைப்பது அதையடுத்த பனியிலும் ஆரம்பிக்கும். அதனால் ஈரம் வெளியே வராமல் தடுக்கும் மேல் கவரைவிடப் பேடுகள் கூடுதலாக இருக்கட்டும். கவர் மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். தடித்த பருத்திப் பேடுக்கு வெயில் வேண்டும். நாலாக மடித்துக்கொள்ளும் சதுரத் துணியாக இருந்தால், விரித்துப் போட்டதும் சீக்கிரம் காயும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. வாங்குவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்: இதை யார் துவைப்பது? தையல் போட்ட வயிற்றோடு நீங்கள் துவைக்கிற கல்லுக்கு முன்னால் குனிந்து நிற்கக் கூடாது. அம்மாவா, கணவரா, மெஷினா, வேலைக்கு வரும் அக்காவுக்குக் கூடுதல் சம்பளமா என்று பிரசவத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். துணி டயப்பரைப் பாதியில் விட்டவர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். துவைக்க ஆள் இல்லாமல் விட்டவர்கள்தான் அதிகம். அதில் அந்தப் பெண்களின் குறை எதுவும் இல்லை.

குழந்தைக்கு ஆறு மாதம். ஆரம்பத்தில் மூன்று மணி நேரம் தாங்கிய டயப்பர் இப்போது ஒரு மணி நேரத்தில் ஒழுகுகிறது. அதே டயப்பர், அதே பேடு. நாங்கள் போர் தண்ணியில்தான் துவைக்கிறோம்.
– வாசகி, சேலம்

உங்கள் கடைசி வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. ஒரு சோதனை செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த பேடை மேசையில் விரித்து ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிய இடத்திலேயே உள்ளே இறங்கினால் பேடில் குறை இல்லை. முத்து முத்தாக உருண்டு நின்று, யோசித்து யோசித்து இறங்கினால் துணிமேல் ஏதோ படிந்திருக்கிறது.

உப்புத் தண்ணியில் சோப்புக் கட்டி போட்டால் நுரை எழும்பாது, வெள்ளைக் கசடுதான் திரளும். அந்தக் கசடு ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக நூலுக்குள் ஏறிவிடும். பேடு காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கிறதா? அதுதான் அடையாளம். விறைப்புப் போகட்டும் என்று வாசனைக் கண்டிஷனர் ஊற்றினால் இன்னும் மோசம், அது நூல்மேல் மெழுகு பூசின மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைக்குத் தடவும் தேங்காய் எண்ணெயும், வாஸ்லின் வகைக் களிம்பும் அதே வேலையைத்தான் செய்யும்.

இதைச் சரிசெய்யலாம், புதுசு வாங்க வேண்டியதில்லை. பேடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கவர் வேண்டாம். கவரின் உள்பக்கம் இருக்கும் ஈரம் தாங்கும் படலத்துக்கும் எலாஸ்டிக்குக்கும் கொதிக்கிற சூடு ஆகாது. நல்ல சூடான தண்ணீரில் சலவைத் தூளோடு ஒரு ஸ்பூன் சலவைச் சோடா கலந்து அரை மணி ஊறவைத்துக் கசக்குங்கள். சோடா தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும், அழுக்கு பிரியும். பிறகு பிழிந்தால் நுரை வராத வரைக்கும் அலசுங்கள். ஒரு தடவையில் போகாவிட்டால் மறுநாள் இன்னொரு தடவை. அதற்குப் பிறகு தினசரித் துவைப்புக்குக் கட்டியை விட்டுத் தூளுக்கு மாறிவிடுங்கள். முதல் அலசலெல்லாம் உப்புத் தண்ணியிலேயே நடக்கட்டும், கடைசி அலசல் ஒன்றுக்கு மட்டும் குழாயில் வரும் மேட்டூர் ஆற்றுத் தண்ணி ஒரு வாளி ஒதுக்குங்கள். அந்த ஒரு வாளியே பெரிய வித்தியாசம் காட்டும்.

சோதனையில் பேடு தேறிவிட்டால் ஒழுகலுக்குக் காரணம் மாட்டும் விதம். ஆறு மாதத்தில் பிள்ளை புரள்கிறது, குப்புறப் படுக்கிறது. பையன் என்றால் ஈரம் எல்லாம் முன்பக்கமே போகும், அங்கே துணியை ஒரு மடிப்புக் கூட்டுங்கள். தொடை எலாஸ்டிக் தொடையின் மேல் ஏறி நிற்காமல், ஜட்டி மாதிரி இடுக்கில் உட்கார வேண்டும். பேடின் ஓரம் நூலளவு வெளியே எட்டிப் பார்த்தாலும் அந்த வழியாகவே ஈரம் சட்டைக்கு வந்துவிடும். இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: அரைஞாண் கயிறு. கறுப்புக் கயிறு டயப்பரின் இடுப்பு எலாஸ்டிக்குக்குக் கீழே மாட்டிக்கொண்டால் எலாஸ்டிக் உடம்போடு ஒட்டாது, கயிறும் நனைந்து ஈரத்தை வெளியே கொண்டுவரும். மாட்டி முடித்ததும் கயிற்றை மேலே எடுத்துவிட்டு, இடுப்பைச் சுற்றி ஒரு விரல் ஓட்டிப் பாருங்கள். என் பெண்ணுக்குப் பட்டன் போட்ட கையோடு விரல் தானாக அந்தச் சுற்று சுற்றிவிடும்.

எங்கள் வீட்டில் துணி டயப்பரைத் துவைப்பது நான்தான். இரவு போட்ட டயப்பரைக் காலையில் எடுத்தால் கண் எரிகிற அளவுக்கு நெடி. கூடவே அம்மா, "ஆம்பளப் பிள்ளை பீத்துணி அலசுறான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வருத்தப்படுகிறார்.
– வாசகர், மதுரை

முதலில் உங்களுக்கு என் வணக்கம் தம்பி.

அந்த நெடி அமோனியா. சிறுநீரில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போது வருவது. இரவு முழுக்க ஊறிய பேடில் அதற்கு நேரம் நிறையக் கிடைக்கிறது. காலையில் கழற்றிய உடனே குழாயடியில் பிடித்து, மஞ்சள் போகும்வரை நன்றாக அலசிப் பிழிந்துவிடுங்கள், அப்புறம் துவைக்கும் நேரம் வரும்போது துவைக்கலாம். மூடி போட்ட வாளியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டு வைக்காதீர்கள், நெடி இரண்டு மடங்காகும். காற்றாடும் கூடையில் போட்டுவையுங்கள். துவைப்பது எப்போதும் இரண்டு கட்டமாக நடக்கட்டும்: முதலில் கொஞ்சம் தூளில் ஒரு துவைப்பு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு முழு அளவு தூளோடு இரண்டாவது. குழந்தைத் துணி என்று பயந்து தூளை மிகவும் குறைத்துப் போடுகிறவர்கள் வீட்டில்தான் இந்த நெடி அதிகம். தூள் போதிய அளவு வேண்டும், அலசலும் போதிய அளவு வேண்டும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையின் கக்கா தண்ணீரிலேயே கரைந்துவிடும். மஞ்சள் கறை நின்றால் ஈரத்தோடு வெயிலில் போடுங்கள், வெயிலே வெளுத்துவிடும். சோறு ஊட்ட ஆரம்பித்த பிறகு டயப்பருக்குள் ஒரு மெல்லிய துணி விரித்தால், அதை மட்டும் கழிப்பறையில் உதறிவிடலாம்.

அம்மா விஷயம். எங்கள் வீட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, சாப்பிடும் முன் பிள்ளைத்துணியை அலசிக் கொடியில் போட்டது வீட்டுக்காரர்தான். மாமியாருக்கு ஆரம்பத்தில் மனசு ஒப்பவில்லை. நான் எதுவும் வாதாடவில்லை, வீட்டுக்காரரும் அலசுவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் மாமியாரே கிளிப் டப்பாவை எடுத்துக்கொண்டு கொடிப் பக்கம் போக ஆரம்பித்தார். உங்கள் அம்மா வருத்தப்படுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், துவைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் மனைவி அந்த ஒரு மணி நேரம் தூங்குவார்.

துணி டயப்பர் போட்டால் கால் அகன்று வளைந்துவிடும் என்கிறார் அத்தை. உண்மையா?
– வாசகி, காரைக்குடி

இல்லை. இரண்டு வயது வரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு இயல்பாகவே கால் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும், டயப்பர் போட்டாலும் போடாவிட்டாலும். குழந்தையின் இடுப்பு மூட்டுக்குத் தொடை விரிந்திருப்பது நல்லதே. காலை நீட்டி இறுக்கிச் சுற்றுவதுதான் கூடாது.

தொடை இடுக்கில் சிவந்து புண்ணாகிவிட்டது. துணிதானே, ஏன் வந்தது?
– வாசகி, நாகர்கோவில்

துணியும் நனைந்து கிடந்தால் புண்ணாக்கும். கடையில் வாங்கும் டயப்பரில் ஈரத்தைக் களி மாதிரிப் பிடித்துக்கொள்ளும் பொடி இருக்கிறது, துணியில் அது இல்லை. எனவே பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும், கக்கா போனால் அந்த நிமிடமே. மைக்ரோஃபைபர் என்ற செயற்கை நூல் பேடு வைத்திருந்தால் அதை நேரடியாகத் தோலில் படவிடாதீர்கள், தோலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். புண் இருக்கும்வரை வெறும் தண்ணீரில் கழுவி, ஒத்தி எடுத்து, பகலில் எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் எதுவும் போடாமல் விடுங்கள். துத்தநாகக் களிம்பு தடவினால் நடுவில் ஒரு வேட்டித் துண்டு வையுங்கள். பவுடர் வேண்டாம், மூக்கில் ஏறும்.

இரண்டு மூன்று நாளில் குறையாமல், மடிப்புக்குள் ரத்தச் சிவப்பாகவும் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகளாகவும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக் கடையில் பெரியவர்களின் படைக்குக் கொடுக்கும் களிம்பை வாங்கித் தடவுவதைக் கெஞ்சிக் கேட்டுத் தடுக்கிறேன். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், பிஞ்சுத் தோல் மெலிந்துபோகும்.

துவைக்க இவ்வளவு தண்ணீர் செலவாகிறதே, சுற்றுச்சூழலுக்கு இது உண்மையிலேயே நல்லதுதானா?
– வாசகர், பல்லாவரம்

நியாயமான கேள்வி. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது, லாபம் துவைக்கும் விதத்தில் இருக்கிறது என்பதுதான். மெஷினை நிறைத்து ஓட்டி, கொடியில் காயப்போட்டு, அதே டயப்பரை அடுத்த பிள்ளைக்கும் போட்டால் லாபம் உண்டு. கொதிக்கிற தண்ணீரில் துவைத்து மின்சார டிரையரில் காயவைத்தால் அந்த லாபம் போய்விடும். நமக்கு வெயில் சும்மா கிடைக்கிறது, அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள். தண்ணீர்தான் கொடுத்துவைக்கவில்லை. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வறண்டு கிடந்தபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஒரு தாய், துணி டயப்பர் துவைக்கவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. தண்ணீர் இருக்கும் மாதம் துணி, இல்லாத மாதம் கடை டயப்பர். பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் கடை டயப்பர் என்று வைத்துக்கொண்டாலும் குப்பை பாதிக்கு மேல் குறையும்.

கடை டயப்பர் போடும் நாளில் ஒன்று செய்யுங்கள். உள்ளே இருப்பதைக் கழிப்பறையில் கொட்டி, டயப்பரைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். 2016 திடக்கழிவு விதிகளே அதைச் சுற்றித்தான் கொடுக்கச் சொல்லியிருந்தன. குப்பையைப் பிரிக்கும் கைகளும் நம்மைப் போன்றவர்களின் கைகள்தான்.

அக்கா பையன் போட்ட துணி டயப்பர்களை என் பெண்ணுக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகி, ஈரோடு

தாராளமாக. கவரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள் படலம் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உரிந்தது ஈரம் தாங்காது, ஒதுக்கிவிடுங்கள். எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள், எந்தத் தையல்காரரும் புதுசு மாற்றித் தருவார். பேடுகளைச் சேலத்து வாசகிக்குச் சொன்னபடி ஒரு முறை சூடான தண்ணீரில் அலசி, ஒரு முழு நாள் வெயிலில் போட்டு எடுங்கள்.