கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பின் பூனை உண்ண மறுத்தால் என்ன செய்யலாம்?

நேற்று மாலை கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய உங்கள் பூனை இன்று காலை வரை உணவைத் தொடவில்லை என்றும், வாயைத் திறந்து ஊட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஊட்ட வேண்டாம். மயக்கம் முழுமையாகத் தெளியாத நிலையில் வலிந்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும் அபாயம் உண்டு.

பூனை மணத்தை நம்பியே உண்ணும் பிராணி என்பதால், உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழியையோ மீனையோ முள், எலும்பு நீக்கி உதிர்த்து, வழக்கமான அளவில் கால் பங்கு மட்டும், புறங்கைக்கு இளஞ்சூடாகத் தெரியும் பதத்தில் தட்டையான தட்டில் வையுங்கள். எங்கள் பூனை முதலில் மீன் வெந்த நீரில் நனைத்த என் விரலைத்தான் நக்கியது. அரை மணி நேரம் கழித்தே தட்டுக்கு வந்தது. கழுத்திலுள்ள கூம்புப் பட்டை தட்டில் இடித்தால், தையலை நக்கவிடாமல் அருகிலேயே இருந்து, உண்ணும் நேரத்துக்கு மட்டும் கழற்றுங்கள்.

வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது; வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோறு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

வீடு திரும்பி 24 மணி நேரம் கடந்தும் எதையும் உண்ணாவிட்டாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, மருத்துவரை உடனே அழையுங்கள். பூனை சில நாட்கள் பட்டினி கிடந்தால், உடற்கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். வலியால்தான் உண்ணவில்லை என்று எண்ணி வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டுகூடக் கொடுத்துவிடாதீர்கள். அது பூனைக்கு நஞ்சு.