எழுத ஆசை, தலைப்பும் பத்து இருக்கிறது. எதை எழுதுவது என்று முடிவெடுக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

கேள்வியின் சுருக்கம்: ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர். தனுஷ்கோடி, பாம்பன் பாலம், கடல் பாசி, பனை, கீழக்கரைத் தொதல் என்கிற இனிப்பு என்று நோட்டில் பத்துத் தலைப்பு. மாதக்கணக்காக ஒன்றும் நகரவில்லை.

பதில்:

முதலில் தனுஷ்கோடியையும் பாம்பன் பாலத்தையும் அடித்துவிடுங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல், கடல் கொண்டுபோன ரயில், 1914-ல் திறந்த பழைய பாலம், 2025 ஏப்ரலில் திறந்த தூக்குப்பாலம். ஒரு நாள் சுற்றுலா வந்துபோகிறவரே இதையெல்லாம் எழுதிவிடுவார். நீங்கள் உட்கார்ந்தால் நாலாவது வரியில் கை நின்றுவிடும். உங்களிடம் மட்டும் இருக்கிற சங்கதி அதில் எதுவும் இல்லை. (அப்படியானால் ஊர் வரலாறே எழுதக் கூடாதா என்று கீழே ஒருவர் வருவார். எழுதலாம் ஐயா, அந்தக் காலத்து ஆளோடு உட்கார்ந்து பேச வழியிருந்தால் தாராளமாக. முதல் கட்டுரைக்கு வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.)

மிச்சம் எட்டையும் மூன்று கேள்வியில் சலித்துவிடலாம். இந்த வாரத்துக்குள் அந்த இடத்துக்கு இரண்டு தடவை போய்வர முடியுமா? தப்பாக எழுதினால் "அட, அப்படியில்லப்பா" என்று திருத்த ஓர் ஆள் உண்டா? வெளியூரில் புழங்காத சொல் நாலாவது உங்களுக்குத் தெரியுமா? மூன்றுக்கும் ஆமாம் வருவதை எடுங்கள். இரண்டு தலைப்பு தேறினால், நடந்து போகிற தூரத்தில் இருப்பது எதுவோ அது.

எடுத்த பிறகு உடைக்க வேண்டும். பெரும்பாலும் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். "கடல் பாசி" ஒரு கட்டுரைக்குள் அடங்காது. மண்டபம், வேதாளைப் பக்கம் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி வேறு, கட்டக்கோரை வேறு. முன்னது அகார் என்கிற ஜெல்லிப் பொருள் காய்ச்சப் போகும், பின்னது ஆல்ஜினேட் என்கிற கெட்டியாக்கும் பொருளுக்குப் போகும். கஞ்சிப்பாசி இன்னொன்று. மிதவையில் கட்டி வளர்க்கிற பெப்சி பாசி தனித் தொழில். அந்தக் கம்பெனி கொண்டுவந்ததால் அந்தப் பெயர்; கம்பெனி கைகழுவிய பிறகும் பெயர் மட்டும் கரையில் தங்கிவிட்டது. இதில் ஒன்றே ஒன்றை எடுங்கள். பெப்சி பாசி என்றால் அதிலும் ஒரே ஒரு மிதவை.

ஒரு மிதவையில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். நாலு மூலையிலும் குறுக்கே 4 அடி மூங்கில் வைத்துக் கட்டுவார்கள். கட்டாவிட்டால் அலையில் சதுரம் கோணிப்போகும். உள்ளே 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. பெருக்கினால் 60 கிலோ. அடியில் வலை கட்டாமல் விட்டால் ஓரா மீன் வந்து மேய்ந்துவிடும். 45 நாளில் நன்றாக வந்தால் 240, 260 கிலோ. அடுத்த விதைக்கு 60 கிலோவை எடுத்துவைத்தால் மிச்சம் ஏறக்குறைய 200. காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு. ஆக, காய்ந்த பாசியாக விற்கும்போது தராசில் ஏறுவது 20 கிலோ.

இதைப் படிக்கிற மதுரைக்காரர் அடுத்து என்ன கேட்பார்? கிலோ என்ன விலை? கோடை வெயிலில் பாசி வெளுத்தால் என்ன செய்வார்கள்? வாடைக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும்போது மிதவை எங்கே இருக்கும்? இந்த மூன்றுக்கும் கரையில் பதில் வாங்கிவிட்டால் கட்டுரையில் பாதி முடிந்தது. விலையைத் தேதியோடு போடுங்கள், அடுத்த மாதம் மாறியிருக்கும். குருசடைத் தீவுப் பக்கம் இதே பாசி பவளப்பாறை மேல் படர்ந்த விவகாரத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். விட்டுவிட்டால் விளம்பரம் மாதிரி இருக்கும்.

போகிற நேரத்தில்தான் புது ஆட்கள் சொதப்புவார்கள். மீன் ஏலம் நடக்கும்போது நோட்டை நீட்டினால் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள், அதில் தப்பும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கட்டிக் கிடக்கும், ஆட்கள் கரையில் இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். மற்ற மாதங்களில் வடகடலில் வாரம் மூன்று நாள் விசைப்படகுக்கு, நாலு நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை உண்டு. முதல் நாளே விசாரித்துக்கொண்டு போங்கள். தென்கடலில் (மன்னார் வளைகுடா) இருக்கிற 21 தீவுகளும் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை, படம் எடுக்க ஆசைப்பட்டு அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். 2001-லிருந்து கடல் அட்டை பிடிக்கத் தடை. யாராவது பேச்சுவாக்கில் அதைப் பற்றிச் சொன்னால் அவர் பெயரை எழுத வேண்டாம். உங்களுக்கு அது ஒரு வரி, அவருக்கு வழக்கு.

எழுதும்போது 400 வார்த்தைக்கு மேல் முதல் தடவை போக வேண்டாம். தெரியாத இடம் வந்தால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். தேட எழுந்தீர்கள் என்றால் அன்றைக்கு எழுத்து அவ்வளவுதான். இரண்டு தடவை போகச் சொன்னதே அந்தக் கோடுகளை நிரப்பத்தான். "பலத்த காற்று" என்று எழுதாமல் மேற்கேயிருந்து வருகிற கச்சானா, வடக்கேயிருந்து வருகிற வாடையா, கிழக்கேயிருந்து வருகிற கொண்டலா என்று எழுதுங்கள். காற்றின் பெயரிலேயே மாதமும் தெரிந்துவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "வறண்ட பூமியான ராமநாதபுரத்தில்" என்று மட்டும் தொடங்காதீர்கள். யாரையாவது இங்கே மாற்றல் செய்தால் "தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்று ஒரு பேச்சு, இன்னமும் ஓயவில்லை. வைகை வந்து சேருவதே ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குத்தான். தனுஷ்கோடியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டி, ஊறுகிற நல்ல தண்ணீரைச் சிரட்டையில் (கொட்டாங்குச்சி) மொண்டு குடத்தை நிறைக்கிறார்கள். மழைத்தண்ணீர் மணலுக்குள்ளே உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. மோட்டார் வைத்து இழுத்தால் அடியில் இருக்கிற உப்பு ஏறி ஊத்து வீணாகிவிடும். சிரட்டைக்குக் காரணம் அது. தண்ணீரை இவ்வளவு கணக்காகப் புழங்குகிற ஊருக்கு இப்படி ஒரு பட்டம்! சரி, அது தனிக் கட்டுரை.

இவ்வளவுக்குப் பிறகும் மிதவையா தொதலா என்று இழுபறி இருந்தால், மிதவை. தேங்காய்ப் பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் இருந்தால் தொதலை எந்த மாதத்திலும் கிண்டலாம். மிதவைக்கு 45 நாள் கணக்கு. இந்த வாரம் புதிதாகக் கட்டுகிறவர் யார் என்று விசாரித்து முதல் நாளே போய் நில்லுங்கள். அறுவடை எந்தத் தேதி என்று அப்போதே தெரிந்துவிடும்.