புளி போட்ட ரூபாய்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். சம்பளம் வந்ததும் பழைய வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு வாங்குவேன். பெரும்பாலும் ‘ஏயு’ தரம், கொஞ்சமே புழங்கியவை. ‘புழங்காத யுஎன்சி காசு மட்டும் வாங்கு’ என்கிறார்கள் நண்பர்கள். அது சரியா? ஐந்தாம் ஜார்ஜ் 1918 ரூபாய் ஒன்றைப் புளி போட்டு விளக்கினேன், புதுசு போல ஆகிவிட்டது. அது கல்கத்தா காசா, பம்பாய் காசா என்று எப்படிப் பார்ப்பது?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

பின்பக்கம் கீழே உள்ள தாமரையை ஒட்டிப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. நண்பர்கள் பேச்சை விடுங்கள். 70 வரை போகும் தர அளவில் 60-லிருந்து யுஎன்சி, 58 ஏயுதான். ஆனால் நாணயச் சாலையில் மூட்டைக்குள் உரசிக் காயம்பட்ட 60-ஐவிட நல்ல 58 பல நேரம் அழகாக இருக்கும்.

புளிக்கு வருகிறேன். ஏன் தம்பி இப்படிச் செய்தீர்கள்?

தாராபுரம் பக்கம் எங்கள் அம்மாயி வெள்ளிக்கிழமை தவறாமல் பூஜைச் செம்பில் இருந்த ரூபாய்களைத் திருநீறு போட்டுத் தேய்ப்பார். காசில் இருந்த எட்வர்டு மன்னருக்குத் தாடியே போய்விட்டது. கண்ணபுரம் சந்தையில் அப்புச்சி காளை விற்றுக் கொண்டுவந்த காசுகள் அவை. அதில் ஒன்று மட்டும் தப்பிப் பத்திரக் கட்டுக்குள் கிடந்தது. ஜார்ஜின் காதிலும் மீசையிலும் லேசான மங்கல். மற்ற இடமெல்லாம் சாய்த்தால் ஒளி சுற்றி வந்தது. “ஏஞ்சாமி, அதையுங் கொண்டா, வெளக்கிப் போடறேன்” என்றார். நான் தரவில்லை. பொழுது சாயும்வரை அம்மாயி என்னிடம் பேசவில்லை.

அந்த ஒளி மேலே பூசியது அல்ல. அச்சு அழுத்தும்போது வெள்ளி விளிம்பு நோக்கி நகர்கிறது. அப்படி நகர்ந்த மிக நுண்ணிய கோடுகளில்தான் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது. கைப்புழக்கம் முதலில் மேட்டைத்தான் தேய்க்கும்: காது, புருவம், மீசை, கிரீடத்தின் மணிகள். பள்ளத்தில் கோடுகள் அப்படியே இருக்கும். ஏயு காசின் அடையாளமே இந்த வித்தியாசம்தான். புளியின் அமிலம் மேடு பள்ளம் பார்க்காது. தேய்க்கிற துணியும் நாரும் போடும் கீறல் வேறு. போன கோடு திரும்பி வராது. எந்தக் கடைக்காரர் ‘சரி பண்ணித் தருகிறேன்’ என்றாலும் நம்பாதீர்கள். உங்கள் 1918 இப்போது பளபளக்கிறது, ஆனால் ஏயு இல்லை. 91.7 சதவீத வெள்ளி உள்ள 11.66 கிராம் உலோகம், அவ்வளவுதான். கோபமாக வருகிறது, ஆனாலும் விற்றுவிடாதீர்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு கழுவிய காசு வேண்டும்.

அப்புறம், வழவழப்பான பிவிசி உறையில் போட்டு வைக்காதீர்கள், நாள்பட்டால் பச்சைப் பிசின் கக்கும். விளிம்பைப் பிடித்தே எடுங்கள். அடுத்த காசு வாங்கும் முன், விளக்கடியில் சாய்த்துத் திருப்பிக் காட்டும் வீடியோ கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.