பிளஸ் டூ முடித்தவர் திருநெல்வேலியில் பாராலீகல் வேலைக்குப் போக என்ன படிக்கலாம்?

உங்கள் தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறார், வீடு பாளையங்கோட்டையில். பாராலீகல் லைசென்ஸ் தருவதாகச் சொல்லும் ஆறு வார ஆன்லைன் படிப்புக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து கட்டாதீர்கள். இந்தியாவில் பாராலீகலுக்கு லைசென்ஸ் என்று ஒன்றே கிடையாது. வழக்காட பார் கவுன்சிலில் பதிவு வேண்டும், பத்திரம் எழுதுவதைத் தொழிலாகச் செய்ய பதிவுத்துறை உரிமம் வேண்டும். வக்கீல் ஆபீஸில் உதவியாளராக இருக்க எந்தச் சான்றிதழையும் சட்டம் கேட்கவில்லை. நம் பக்கம் இந்த வேலைக்குக் காலங்காலமாக இருக்கும் பெயர் வக்கீல் குமாஸ்தா.

சான்றிதழ் கையில் இருந்தால் தெம்பு என்று நினைத்தால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாராலீகல் பிராக்டிஸ் டிப்ளமோ இருக்கிறது. பிளஸ் டூ போதும், குறைந்தது ஓராண்டு. ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய், அதே வரிசையில் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா), பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), பி.எஸ்.ஏ. (பாரதிய சாக்ஷிய அதினியம்) வந்துவிட்டன. வாட்ஸ்அப் செய்தியைச் சாட்சியமாகக் கொடுக்க இணைக்கும் சான்று முன்பு சாட்சியச் சட்டம் பிரிவு 65பி, இப்போது பி.எஸ்.ஏ. பிரிவு 63(4). புத்தகம் 65பி-யோடு நின்றால் அது பழைய புத்தகம்.

டிப்ளமோவுக்கு முன்னால் டைப்ரைட்டிங். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் லோயர், ஹையர் எழுதச் சொல்லுங்கள். இங்கிலீஷில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. இங்குள்ள கோர்ட்டுகளில் தமிழ் புழங்கும், மதுரைக் கிளைக்குப் போகும் அப்பீலுக்கு இங்கிலீஷ் வேண்டும். இந்தச் சான்றிதழ்கள் கோர்ட் டைப்பிஸ்ட் தேர்வுக்கும் உதவும், அதனால் வீணாகாது.

அடுத்து, சிவில் வழக்கு நடத்தும் ஒரு சீனியரிடம் ஆறு மாதமாவது இருக்க வேண்டும். ஆபீஸ் உங்கள் ஊரிலேயே இருக்கலாம், அம்பாசமுத்திரம், நாங்குநேரி என்றாலும் சரி. வக்காலத்து, பிராது (வழக்கு மனு), பதிலுரை, பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டுவது, வாய்தா (அடுத்த விசாரணைத் தேதி) குறிப்பது எல்லாம் அங்கேதான் பழகும். வாய்தா டைரியில் ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட் தரும் தனி அடையாளமான, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் எழுதும் பழக்கம் முதல் நாளே வரட்டும்.

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது நகல் மனுவில், அதாவது தீர்ப்பின் சான்றிட்ட நகல் கேட்டுக் கோர்ட்டில் போடும் மனுவில். முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் அப்பீலுக்கு 30 நாள். நகல் எடுக்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ள காலவரையறைச் சட்டம் பிரிவு 12 இடம் தருகிறது. ஆனால் மனு போட்ட நாளிலிருந்துதான் கழிக்க முடியும், அதற்கு முன் போன நாள் போனதுதான். ஜூன் 1 தீர்ப்பு, 11-ஆம் தேதி மனு, 25-ஆம் தேதி நகல் தயார் என்றால் 15 நாள் கழியும், கடைசி நாள் ஜூலை 16. நகலை ஜூலை 5-ஆம் தேதி போய் வாங்கினாலும் அதே ஜூலை 16-தான். நகலிலேயே மனு போட்டது, முத்திரை (நகலுக்கான ஸ்டாம்ப்) கேட்டது, முத்திரை கட்டியது, தயாரானது, வாங்கியது என்று வரிசையாகத் தேதிகள் இருக்கும். முத்திரை கேட்டுப் பலகையில் பட்டியல் போட்டதைப் பார்க்காமல் விட்டால் மனுவே தள்ளுபடியாகும், அந்தத் தாமதமும் கட்சிக்காரர் தலையில் விழும். இதைச் சரியாகக் கணக்கிடத் தெரிந்த குமாஸ்தாவை எந்த சீனியரும் விடமாட்டார்.

நம் பக்கம் நிறைய வருவது பாகப்பிரிவினை வழக்கு. பழைய பத்திரத்தில் ஒரு சர்வே எண், இன்றைய பட்டாவில் வேறு உட்பிரிவு எண் இருக்கும். வில்லங்கச் சான்றுக்கு மனு போடும்போது இரண்டையும் கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்தால் பாதி விற்பனை கண்ணில் படாது.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் (பாராலீகல் வாலண்டியர்) பணியையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பயிற்சியும் அடையாள அட்டையும் தருவார்கள், பணிக்குப் போகும் நாளுக்கு மதிப்பூதியம் உண்டு. சம்பள வேலை அல்ல. ஆனாலும் மக்கள் என்ன குறையோடு வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நல்ல இடம், சேர்வது நல்லது.

ஒன்றை இப்போதே முடிவு செய்யுங்கள். தங்கைக்குக் கோர்ட்டில் நின்று பேச ஆசை இருந்தால் டிப்ளமோ உதவாது, அது சட்டப் படிப்பில் ஒரு வருடத்தைக்கூடக் குறைக்காது. பதிவு இல்லாமல் வழக்காடினால் வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 45-இன்படி ஆறு மாதம் வரை சிறை. 1996 முதல் இருக்கும் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் பிளஸ் டூவுக்குப் பின் ஐந்தாண்டு, பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுப் படிப்பு உண்டு. ஐந்தாண்டுக்கான அறிவிப்பு பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி வரும், தங்கையை ஆபீஸில் சேர்ப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.